முதலில் கடைசிப் படகுக்கு

"ஆசான், எந்தப் புதுசை உள்ளே விடலாம், எதைத் தடுக்கணும்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

சந்தியாகு கேட்டார். நெய்னா மடியில் கிடந்த பாய்த்துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசியை இழுத்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்.

"போன வருஷம் பந்தயத்துல கடைசியா வந்தது யாரு?"

"பச்சைக்கிளி படகு."

"அப்ப அங்க போய்க் கேளுங்கண்ணே."

சந்தியாகுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வருஷம் முழுக்கத் தூங்காமல் யோசித்து ஒன்றைச் செய்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அதை விடுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டால், ஜெயித்தவனைக் காட்டாமல் தோற்றவளைக் காட்டுகிறார் ஆசான்.

இவர்கள் இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்குமுனையில் தை மாதம் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது. காற்றும் பாயும்தான். படகுக்கு ஆறு பேர். படகின் நீளமும் பாயின் அளவும் எல்லோருக்கும் ஒன்று. எதைப் படகில் ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று பார்க்கிற பொறுப்பு நெய்னாவுடையது. அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பாய் தைப்பது தொழில். ஜெயித்து ஜெயித்து அலுத்துப்போய் அவர் பந்தயத்தை விட்டு ஒதுங்கியபோது, இனி நீதான் எங்களுக்கு ஆசான் என்று படகுக்காரர்கள் சேர்ந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

சந்தியாகு அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வளைகுடாவில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். படகு கட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். காற்றைப் பார்த்து ஓட்டச் சொன்னால்தான் கை உதறும். அதனால் ஒரு கூடை நண்டோடு போய் நெய்னாவிடம் சீடராகச் சேர்ந்துகொண்டார். நரைத்த தலை கறுத்த தலையை ஆசான் என்று கூப்பிட, கறுத்த தலை அண்ணே என்று பதில் சொல்ல, எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நண்டு அன்றைக்கே தீர்ந்துபோனது. சீடர் போகவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சாவதற்குள் ஒரு தடவையாவது தன் படகு விடிவெள்ளி முதலில் கரை தொட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பலகையைச் செய்தார்.

"இல்ல ஆசான், எனக்கு ஞாயம் புரியல" என்றார் சந்தியாகு. "பருத்தித் துணி போய் நைலான் வந்தப்ப விட்டீங்க. மரத்துக்கு மேல ஃபைபர் பூசினப்ப விட்டீங்க. காத்து எந்தப் பக்கம்னு செல்போன் சொல்லும்னு ஒருத்தன் கொண்டாந்தான், அதைத் தடுத்துட்டீங்க. ரெட்டைப் படகைத் தடுத்துட்டீங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே?"

"நான் எங்கண்ணே தடுத்தேன்?"

"பின்ன யாரு?"

"கடைசிப் படகுதான்."

எங்கள் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் புதுசைக் கொண்டுவந்தாலும் அது முதல் பந்தயத்தைத் தன் படகில் ஓடாது. போன வருஷம் கடைசியாக வந்த படகில்தான் ஓடும். கொண்டுவந்தவரே அதை அந்தப் படகில் மாட்டிக் கொடுக்க வேண்டும், ஓட்டவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் மட்டும் பழைய மாதிரியே ஓட்ட வேண்டும். பந்தயம் முடிந்ததும் படகுத் தலைவர்கள் கரையில் கூடுவார்கள். வேண்டும் என்கிறவர் ஈர மணலில் போய் நிற்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் காய்ந்த மணலில். ஈர மணல் ஜெயித்தால், கொண்டுவந்தவர் அதை எப்படிச் செய்வது என்று ஊர் பார்க்கச் செய்து காட்ட வேண்டும். அப்புறம் அது எல்லோருக்கும் சொந்தம்.

செல்போனை மாட்டிய வருஷம் கடைசிப் படகில் ஆறு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு போய், வலை கட்டுகிற கழியில் முட்டினார்கள். கரையே காய்ந்த மணலுக்குப் போய்விட்டது. நைலான் பாய் வந்த வருஷம், எப்போதும் இருட்டின பிறகு வந்து சேருகிற சூசை படகு வெளிச்சத்திலேயே வந்து சேர்ந்தது. சூசையின் மனைவி கடலுக்குள் ஓடிப்போய் அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு எல்லோரும் ஈர மணலில்.

"கடைசிப் படகு எதுக்கு ஆசான்? நல்லா ஓட்டுறவன்கிட்டக் கொடுத்தாத்தானே சாமான் நல்லதா கெட்டதான்னு தெரியும்?"

நெய்னா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

சரி, சந்தியாகு செய்த சாமான் என்ன? அதற்கு எங்கள் படகு ஓடுகிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்று ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாயாமல் பிடிக்க, எதிர்ப்பக்கம் வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார வேண்டும். கனமான ஆட்கள் உட்கார்ந்தால் படகு நிமிர்ந்து பறக்கும். அதனால் எங்கள் கரையில் தொப்பைக்கு மரியாதை கிடைக்கிற ஒரே மாதம் தை. ஒவ்வொரு வருஷமும் ஜெயிக்கிற வேங்கை படகின் தலைவர் சேதுமாணிக்கம், ஆள் எடுக்கும்போது கையைப் பார்க்க மாட்டார், வயிற்றைத்தான் பார்ப்பார்.

ஒல்லியானவர்கள் என்ன செய்வார்கள்? காற்று ஏறும்போது பாயைத் தளர்த்திவிட்டுத் தத்தளித்து வருவார்கள். கடைசியில் வருவார்கள். இரண்டு மூன்று வருஷம் வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களுடைய படகுகள் பனைமரத்தடியில் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. அதற்கடியில் கோழிகள் அடை காக்கின்றன. பந்தயத்துக்கு வருகிற பாய்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே இருந்தன.

சந்தியாகு ஃபைபரில் வளைவாக இரண்டு பலகை வார்த்திருந்தார். பக்கத்துக்கு ஒன்று. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினால், ஓடுகிற வேகத்தில் அது படகைத் தாங்கி மேலே தூக்கும். அதற்குச் சிறகு என்று பேர் வைத்திருந்தார். தன்னுடைய கனமான ஆட்களோடு இந்தச் சிறகும் சேர்ந்தால் வேங்கையை ஒரு கை பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அதைக் கேள்விப்பட்டதும் முதலில் ஓடிவந்தவர் சேதுமாணிக்கம்தான். "அண்ணே, பிரமாதம்ண்ணே! ஈர மணல்ல முதல் கால் என் கால்தான். எனக்கு ஒரு ஜோடி எடுத்து வச்சிருங்க" என்றார். சின்னப் படகுக்காரர்களோ, இதென்ன புதுத் தொல்லை, இதுவும் பெரியவங்களுக்குத்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சிறகு பச்சைக்கிளிக்குப் போயிற்று.

பச்சைக்கிளி, கடல்பாசி எடுக்கும் பெண்களின் படகு. தலைவி பஞ்சவர்ணம். ஆறு பேரும் வெயிலில் காய்ந்த உடம்பு. அவர்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய படகு அது. வாரமெல்லாம் பாசிக்குப் போகும், தை மாதம் பந்தயத்துக்கு வரும், தவறாமல் கடைசியாக வரும். இந்தத் தடவையும் கடைசி என்றால் பாய்மரத்தை அறுத்துவிட்டு எஞ்சின் மாட்டிவிடுவோம், ஊர் சிரிக்கிறது போதும் என்று குழுவில் மற்ற பெண்கள் சொல்லிவிட்டார்கள். பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. பாய் விரிந்த படகில் நிற்கிறபோது மட்டும்தான் தனக்கு மூச்சு முழுசாக வருகிறது என்று அவள் சொல்லுவாள்.

சந்தியாகு சிறகை மாட்டிக் கொடுத்தார். ஓட்டவும் காட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஆசானிடம் வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது.

"மாட்டிட்டீங்களாண்ணே?"

"மாட்டிட்டேன். ஆனா ஒரு வேலை பண்ணியிருக்கேன் ஆசான்."

"என்ன?"

"சிறகு எவ்வளவு சாய்வா நிக்கணும்கிறதுக்கு வரிசையா துளை இருக்கு. ஆப்பை எந்தத் துளையில சொருகுறோமோ அந்தச் சாய்வு. மேல் துளையிலதான் உயிரே இருக்கு. அதை மெழுகு வச்சு அடைச்சுட்டேன். கீழ்த் துளையை மட்டும் காட்டிக் கொடுத்தேன்."

"ஏன்?"

"யோசிச்சுப் பாருங்க. கடைசிப் படகு ஒரேயடியா முன்னால வந்தா சேதுமாணிக்கம் பயந்துருவார். காய்ஞ்ச மணலுக்குப் போயிருவார். கொஞ்சமா முன்னேறி, நடுவுல எங்கயாவது வந்தாப் போதும். எல்லாரும் ஒத்துக்கிருவாங்க. அடுத்த வருஷம் என் படகுல மட்டும் மேல் துளை."

நெய்னா எழுந்து உள்ளே போனார். விடிவெள்ளிக்காகத் தைத்து மடித்து வைத்திருந்த புதுப் பாயை எடுத்துக்கொண்டு வந்தார். அதை சந்தியாகு முன்னால் விரித்தார். அழகான பாய். ஓரத்தில் கயிறு ஓடுகிற தையலைப் பார்த்து சந்தியாகுவின் கண் விரிந்தது.

நெய்னா கத்தியை எடுத்தார். அந்த ஓரத் தையலில் ஒரு முழ நீளத்துக்கு நூலை அறுத்து உருவினார். பாயைப் பழையபடி மடித்து நீட்டினார்.

"இந்தாங்க."

"ஐயையோ, என்ன ஆசான் இது? காத்து அடிச்சா இந்த இடத்துலயே கிழிஞ்சு போயிருமே! இதை வச்சு எப்படி ஓட்டுறது?"

"பாய் கொடுத்துட்டேன்ல?"

சந்தியாகு பாயை வாங்கவில்லை. அந்த அறுந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு நடந்தார்.

பச்சைக்கிளியில் பெண்கள் பாசிக் கயிறுகளை உதறிக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு தண்ணீரில் இறங்கி, சிறகு மாட்டிய இடத்தில் குனிந்து, கட்டை விரல் நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

"அது என்னண்ணே துளை? நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் பஞ்சவர்ணம்.

"நான்தான் அடைச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க ஜெயிச்சிருவீங்களோன்னுதான்."

பஞ்சவர்ணம் சிரித்தாள். "அடியாத்தி! கேட்டீகளாடி? நாம ஜெயிச்சிருவோமாம்!" ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர்கள் திட்டியிருந்தால்கூட சந்தியாகு தாங்கியிருப்பார். இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வரை அவர் அந்தப் படகில் இருந்தார். காற்று ஏறும்போது எந்தத் துளை, இறங்கும்போது எந்தத் துளை, திரும்பும்போது எந்தப் பக்கத்துச் சிறகை முதலில் தூக்குவது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். தான் கண்டுபிடித்ததிலிருந்து ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. வீடு திரும்பியபோது வாசலில் அவருடைய பாய் இருந்தது. அறுத்த இடத்தில் நெய்னா இரட்டைத் தையல் போட்டிருந்தார்.

பந்தயத்தன்று கொண்டல் காற்று கிழக்கேயிருந்து கிளம்பி வெளுத்து வாங்கியது. ஒல்லிப் படகுகளுக்கு ஆகாத காற்று. கடலில் தூரத்தில் மூங்கில் நட்டு சிவப்புக் கொடி கட்டியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். ஊதல் ஊதினார்கள். பாய்கள் ஏறின. எப்போதும் போல வேங்கை பாய்ந்து முன்னால் போனது. சேதுமாணிக்கத்தின் ஆட்கள் நீட்டுப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த அழகே அழகு.

சந்தியாகு அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டினார். பொய் சொல்லக் கூடாது. ஆசானிடம் கற்றதெல்லாம் அன்றைக்குக் கைக்கு வந்திருந்தது. காற்று திரும்புவதற்கு முன்பே அவர் கை சுக்கானைத் திருப்பியது. வேங்கைக்கு அடுத்ததாக விடிவெள்ளி போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் உற்சாகத்தில் கத்தினார்கள்.

அப்போது பக்கத்தில் ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது.

பச்சைக்கிளி வந்துகொண்டிருந்தது. சாயவே இல்லை. பாய் முழுசாக வீங்கியிருந்தது. ஒரு விரலளவுகூடத் தளர்த்தவில்லை அவர்கள். சிறகு தண்ணீரை வெட்டிக்கொண்டு போக, படகு பாதி உடம்பை வெளியே தூக்கிக்கொண்டு ஓடியது. கனம் இல்லாத படகு, கனம் இல்லாத ஆட்கள். சிறகுக்குத் தூக்குவது அவ்வளவு சுலபமாக இருந்தது. சந்தியாகு தன் படகில் சோதித்தபோது அது ஒருநாளும் இப்படித் தூக்கியதில்லை. பஞ்சவர்ணம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்திக்கொண்டே போனாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

சந்தியாகு பார்த்தார். தன் கையால் செய்ததை அவர் அதுவரை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. சோதித்த நாளெல்லாம் படகுக்குள்ளேதான் இருந்தார். அது எப்படி ஓடுகிறது என்று இப்போதுதான் பார்க்கிறார். கண் கலங்கிவிட்டது. சுக்கானில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, கொடி! கொடி போகுதுண்ணே! திருப்புங்க!"

யார் காதில் விழுகிறது? மூங்கிலைத் தாண்டி விடிவெள்ளி நேராக இலங்கையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, வைய வேண்டியதையெல்லாம் வைது, படகைத் திருப்புவதற்குள் மற்ற எல்லாப் பாய்களும் கொடியைச் சுற்றிவிட்டன.

கரையில் நாங்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றோம். வேங்கையும் பச்சைக்கிளியும் ஒட்டி ஒட்டி வந்தன. வேங்கையின் ஆட்கள் பலகையின் நுனிக்கே போய்த் தொங்கினார்கள். பச்சைக்கிளியில் ஒருத்தி குனிந்து ஆப்பை உருவி மேல் துளையில் சொருகினாள். படகு எம்பியது. அவ்வளவுதான். வேங்கையின் மூக்கைத் தாண்டி, மணலில் ஏறி, நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் நின்றது பச்சைக்கிளி.

அந்தக் கூச்சலை நான் என்னவென்று சொல்வேன்! ஆண்கள் துண்டை வீசினார்கள். பாசிக்காரப் பெண்கள் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். எஞ்சின் மாட்டுவோம் என்று சொன்ன அதே பெண்கள் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பஞ்சவர்ணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை முழுக்கச் சுற்றினோம். எனக்கும் தொண்டை கட்டிப்போனது.

எல்லாம் அடங்குகிற நேரத்தில் விடிவெள்ளி வந்து சேர்ந்தது. கடைசியாக.

படகுத் தலைவர்கள் கூடினார்கள். ஈர மணலில் முதல் கால் என் கால்தான் என்று சொன்ன சேதுமாணிக்கம், விறுவிறுவென்று காய்ந்த மணலுக்குப் போனார். "இது பந்தயமா? பறவை விடுற விளையாட்டு" என்றார். பெரிய படகுக்காரர்கள் அவர் பின்னால் போனார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சின்னப் படகுக்காரர்களோ ஈர மணலில் நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. சந்தியாகு மட்டும் பாக்கி. அவர் சொட்டச் சொட்ட நனைந்து தன் படகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சேதுமாணிக்கம் அவரிடம் வந்து குனிந்தார்.

"அண்ணே, உங்க சாமான்தான். நீங்களே வேணாம்னா யார் என்ன சொல்லப் போறா? கனமான படகுக்கு ஏத்த மாதிரி அதைக் கொஞ்சம் மாத்துங்க. அதுவரைக்கும் கையோட வச்சிருங்க. இன்னைக்கு எப்படி ஓட்டினீங்க! என் வால்ல ஒட்டிக்கிட்டு வந்தீங்களே. அந்தப் பொம்பளைங்க இல்லாட்டி அடுத்த வருஷம் போட்டி உங்களுக்கும் எனக்கும்தான்."

சேதுமாணிக்கம் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். சந்தியாகு எழுந்து ஆசானிடம் போனார்.

"ஆசான், விடலாமா?"

நெய்னா அவரைப் பார்க்கவில்லை. பனைமரங்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க என்னண்ணே சத்தம்?" என்றார்.

சந்தியாகு திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

பனைமரத்தடியில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. ஒரு ஒல்லி மனுஷரும் அவர் மனைவியும் மைத்துனனும் சேர்ந்து, கவிழ்ந்து கிடந்த தங்கள் படகைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிமிர்ந்து பொத்தென்று மணலில் உட்கார்ந்தது. அதற்கு அடுத்ததை வேறு சிலர் புரட்டினார்கள். அதற்கும் அடுத்ததை. ஒருவர் அடியில் கிடந்த முட்டைகளை வேட்டி மடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தார். இழுங்கடா என்று ஒரு குரல் கேட்டது. பல வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காத படகுகள் தண்ணீரைப் பார்த்து வந்தன.

சந்தியாகு நடந்தார். பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் போய், அலை வந்து கணுக்காலை நனைக்கிற இடத்தில் நின்றார்.

மறுபடியும் அந்தக் கூச்சல். இந்தத் தடவை தூக்கியது சந்தியாகுவை. அவர் கனமான ஆள். தூக்கியவர்கள் தடுமாறி எல்லோருமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவர் சிரித்தார். "நாளைக்குக் காலையில எல்லாரும் என் வீட்டு முற்றத்துக்கு வாங்க. எப்படி வார்க்கிறதுன்னு காட்டுறேன்" என்றார்.

சேதுமாணிக்கத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நெய்னாவுக்கு நேரே வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் நானும் ஒண்ணு கொண்டாறேன் பாருங்க ஆசான். மெட்ராஸ்ல சொல்லி வச்சிருக்கேன். பாய்மரமே வேற. கைப்பிடிக்கு அடங்கும், காத்துக்கு ஒடியாது. அதை நட்டுட்டா இந்தக் கரையில எவனும் கிட்ட வர முடியாது. அதை விடுவீங்களா மாட்டீங்களா?"

"தாராளமாக் கொண்டா."

"அப்ப விடுவீங்க?"

"இந்த வருஷம் கடைசியா வந்தது யாரு?" என்றார் நெய்னா.

கரையில் இருந்த அத்தனை பேரும் மெல்லத் திரும்பி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த சந்தியாகுவைப் பார்த்தோம். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பை நிறுத்திவிட்டு ஆசானையே பார்த்தார்.

"கொண்டு வந்து முதல்ல அண்ணன் படகுல நட்டுக் கொடு" என்றார் நெய்னா. "ஒரு துளையிலயும் மெழுகு வைக்காம."